அருணாசலத்து ரமணர்: அன்னையும் பாடலும் மௌனமும்

மார்கழி மாதத்துத் திருவெம்பாவைப் பூசை எமது கல்லூரியில் படித்த எவருக்கும் புதிதன்று. விடியற்காலைக் குளிரில் எழுந்து பாடி, பத்தாம் நாள் திருவாதிரையோடு நிறைவுசெய்வோம். மாணிக்கவாசக சுவாமிகள் அப்பாடல்களைத் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. 1879ஆம் ஆண்டின் திருவாதிரைத் தரிசன இரவு கழிந்து, டிசெம்பர் 30ஆம் திகதி பிறந்த அதிகாலையில், பாண்டி நாட்டுத் திருச்சுழியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையும் பின்னாளில் திருவண்ணாமலையை அடைந்து, ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அம்மலையை விட்டு அகலாது வாழ்ந்து, அங்கேயே உடலை நீத்தது. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிகிறது.

நூற்றாண்டு மலருக்கு ஒரு வைத்தியர் எழுதுவதானால் நீரிழிவைப் பற்றியோ இருதய நோயைப் பற்றியோ எழுதுவார் என்றே வாசகர்கள் எதிர்பார்ப்பர். ஆயினும், ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதும் வாய்ப்பு வந்தபோது நான் தெரிந்தெடுத்தது இவரைத்தான். வேதாந்தம் என்றால் நூலறிவுடையோர் மட்டும் பேசும் வறண்ட தத்துவம் என்ற எண்ணம் எம்மிற் பலரிடம் உண்டு. இவருடைய வாழ்விலோ அந்தத் தத்துவம் ஒரு தாயின் சமையலறையிலும், பிச்சைக்குச் சென்ற சாதுக்களின் வாயிலும், கடைசியில் ஒரு புற்றுநோயாளியின் கட்டிலிலும் வைத்துச் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனையே ஒரு வைத்தியராக என்னை ஈர்த்தது.

வீட்டை விட்ட பிள்ளை

தந்தையார் சுந்தரமையர் திருச்சுழியில் வழக்குரைஞராகத் தொழில் பார்த்தவர். தாயார் அழகம்மாள். பிள்ளைக்கு இட்ட பெயர் வெங்கடராமன். நாகசுவாமி மூத்தவர், நாகசுந்தரம் இளையவர், அலமேலு தங்கை. 1892இல் தந்தையார் காலமானதும் குடும்பம் சிதறியது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிறிய தந்தையார் சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தனர். வெங்கடராமன் ஸ்கொட் நடுத்தரப் பாடசாலையிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலையிலும் பயின்றார். படிப்பில் நாட்டம் குறைவு, விளையாட்டில் மிகுதி, தூக்கமோ அளவில்லாதது.

1895ஆம் ஆண்டு நவம்பரில் உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்ன சொல் அவரை உலுக்கியது. அது நேரிற் சென்று அடையக்கூடிய ஓர் ஊர் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. பின்னர் பெரியபுராணம் கைக்குக் கிடைத்தது. சமயபாடத்துக்காக நாம் மனனஞ்செய்த அதே நாயன்மார் வரலாறுகள்தாம் அந்தச் சிறுவனின் முதலாவது ஞானநூல்.

1896ஆம் ஆண்டு யூலை நடுப்பகுதி. பதினாறு வயது. உடலில் நோய் எதுவுமில்லை. வீட்டு மாடியில் தனியே இருந்தபோது, தாம் இறக்கப்போவதாகத் திடீரென ஒரு பயம் பற்றிக்கொண்டது. இன்று அப்படியொரு பிள்ளை வைத்தியசாலைக்கு வந்தால் கடும் பதகளிப்பு என்று குறித்துக்கொள்வோம். பதகளிப்பு வந்தவர் வழக்கமாக அதிலிருந்து தப்பி ஓடவே முயல்வார். வெங்கடராமன் ஓடவில்லை, எவரையும் உதவிக்கு அழைக்கவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுத்து, மூச்சை அடக்கி, வாயை மூடி, இறப்பது எது என்று உள்ளே பார்த்தார். உடல் செத்தாலும் சாகாமல் நிற்கும் ஒன்று நேரடி அனுபவமாகத் தெளிந்தது. அந்தத் தெளிவு மீண்டும் மறையவேயில்லை என்று அவர் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். அதன்பின் மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் பெருக நிற்பது அவர் வழக்கமாயிற்று.

ஓகஸ்ட் 29ஆம் திகதி, தண்டனையாக மூன்று முறை எழுத வேண்டிய ஆங்கில இலக்கணப் பாடத்தை இரண்டு முறை எழுதியவர், மூன்றாம் முறை பேனையை வைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்ற பொருளில் அண்ணர் கடிந்தது, விடைகொடுத்ததுபோல் ஆயிற்று. அண்ணரின் கல்லூரிக் கட்டணத்துக்கென எடுக்கச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தம் தகப்பனைத் தேடிப் போவதாகவும், எவரும் கவலைப்படவோ பணம் செலவழித்துத் தேடவோ வேண்டாமென்றும் அதில் எழுதினார். கடிதம் நான் என்று தொடங்கி, நடுவில் இது என்று மாறி, கையொப்பம் இல்லாமல் முடிகிறது. அவருடைய போதனை முழுவதற்கும் அந்தத் துண்டுக் கடதாசி முகவுரை எனலாம்.

பழைய வரைபடம் ஒன்றை நம்பித் திண்டிவனத்துக்கு எடுத்த புகையிரதச் சீட்டுக்கு 2 ரூபாய் 13 அணா போயிற்று. விழுப்புரத்தில் இறங்கி, மீதிக் காசு தீர்ந்தபின் நடந்தார். அரையணிநல்லூர்க் கோயில் வழியாகக் கீழூர் சேர்ந்து, காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு ஈடு வைத்து, செப்ரெம்பர் 1ஆம் திகதி காலை திருவண்ணாமலையை அடைந்தார்.

குகையும் கேள்விகளும்

முதல் ஆண்டுகளின் வரலாறு, உடலைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு வாசிக்கக் கடினமானது. ஆயிரங்கால் மண்டபத்தின் கீழே உள்ள பாதாள லிங்கத்தில் இருளில் அமர்ந்திருந்தார். எறும்பும் பூச்சியும் கடித்துத் தொடைகள் புண்ணாகிச் சீழ் வடிந்தன. அதை அவர் அறியவுமில்லை. சிறுவர் கல்லெறிந்தனர். சேஷாத்திரி சுவாமிகள் காவல் நின்றார். ஒருநாள் சிலர் சேர்ந்து அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தனர். இந்த நிலையைப் பின்பற்றும்படி ரமணர் பின்னாளில் எவருக்கும் சொல்லவில்லை. வீட்டைத் துறக்க அனுமதி கேட்டு வந்த இல்லறத்தாரிடம், மனம் கூடவே வருமாதலால் இடம் மாறுவதால் பயனில்லை என்றே அறிவுறுத்தினார்.

குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று என்று மாறி, 1899இல் மலைமேல் விரூபாட்ச குகையிற் குடிபுகுந்தார். அங்கே 1901–1902 காலத்தில் சிவப்பிரகாசம்பிள்ளை என்ற அரசாங்க உத்தியோகத்தர் கேள்விகளோடு வந்தார். மௌனத்தில் இருந்த இளந்துறவி மணலிலும் சிலேற்றிலும் விடை எழுதினார். அதுவே 1923இல் நான் யார் என்ற சிறுநூலாக வெளிவந்தது.

அந்த விடைகளின் சாரத்தை எளிதாகச் சொல்லலாம். மனத்தில் எழும் எல்லா நினைவுகளுக்கும் முன்னால் நான் என்ற நினைவு எழுகிறது. வேறெந்த நினைவு வந்தாலும் அதை விரட்டிப் போராட வேண்டியதில்லை. இது யாருக்கு வந்தது என்று திரும்பிப் பார்த்தால் போதும். எனக்கு என்ற விடை வரும். அந்த எனக்கு எங்கிருந்து எழுகிறது என்று மூலத்தைத் தேடிச் சென்றால், தேடுகின்ற நான் அடங்கி, எப்போதும் உள்ளது மட்டும் எஞ்சும். அத்துவிதம் இங்கே நம்பிக்கொள்ள வேண்டிய ஒரு கொள்கையாக வைக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தம்மிடத்தே செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனையாக வைக்கப்படுகிறது.

1907 நவம்பர் 18ஆம் திகதி, பெரும் வடமொழிப் புலவரான காவ்யகண்ட கணபதி முனிவர் மலையேறி வந்து, நூலறிவால் தீராத தம் ஐயத்தை அந்த இருபத்தேழு வயதுத் துறவியிடம் வைத்தார். விடை பெற்றபின் அவர் சூட்டிய பெயரே ரமண மகரிஷி.

அழகம்மாள்

பிள்ளையைத் தேடிய தாயின் பக்கத்துக்கு வருவோம். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போன மகன் இருக்குமிடம் தெரியவே இரண்டாண்டுகள் சென்றன. 1898 டிசெம்பரில் மூத்த மகனோடு பவழக்குன்றுக்கு வந்த அழகம்மாள், சடைபிடித்து, அழுக்கேறி, பேசாதிருந்த உருவத்தில் தம் பிள்ளையை அடையாளம் கண்டார். நாள்தோறும் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுத்து வீட்டுக்கு வரும்படி மன்றாடினார்; அழுதார்; ஏசினார். மகன் வாய்திறக்கவில்லை. அங்கிருந்தோர் வற்புறுத்தியபின், அவரவர் ஊழ்ப்படி நடப்பது நடந்தே தீரும், நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, ஆகையால் சும்மா இருப்பதே நன்று என்ற கருத்தை எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

பதின்ம வயதுப் பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாயும் இந்த இடத்தை அமைதியாகக் கடந்துபோக மாட்டாள். ஞானியின் பற்றின்மை என்று சொல்லி இதை மழுப்ப எனக்கும் மனமில்லை. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் அந்தத் தாய்க்கு இழப்பின்மேல் இழப்பாகவே வந்தன. 1900இல் மூத்த மகன் நாகசுவாமி இறந்தார். 1914இல் மகனைப் பார்க்க விரூபாட்ச குகைக்கு வந்திருந்தபோது அழகம்மாளுக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தில்லை. குளோரம்பெனிக்கோல் கைக்கு வந்தது 1948இல்தான். ஊழை வெல்ல முடியாதென்று எழுதிக் கொடுத்த அதே மகன், இரவும் பகலும் தாயின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். தாயைக் காக்கும்படி அருணாசலத்தை வேண்டி நான்கு தமிழ்ப் பாக்களும் எழுதினார். தாய் பிழைத்தார்.

1916இல் அழகம்மாள் நிரந்தரமாக மகனிடம் வந்துவிட்டார். தொடக்கத்தில் எச்சம்மாள் வீட்டில் தங்கினார். எச்சம்மாளையும் இங்கே நினைக்க வேண்டும். மண்டகொளத்தூரைச் சேர்ந்த இவர் கணவனையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். ஊரில் இருக்க முடியாமல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் முன் பேசாது அமர்ந்தபோது துயரின் பாரம் இறங்கியது. அன்றுதொட்டு 1945இல் மறையும்வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் அவருக்கு உணவு சுமந்து சென்றார்.

அவ்வாண்டிலேயே ரமணர் சற்று மேலேயுள்ள கந்தாச்சிரமத்துக்கு மாறினார். அதுவரை பிச்சையில் உண்டு வாழ்ந்த கூட்டத்துக்கு அழகம்மாள் அடுப்பு மூட்டினார். இளைய மகன் நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தரானார். பிள்ளையை வீட்டுக்கு அழைக்க வந்த தாய், கடைசியில் பிள்ளை இருந்த இடத்தையே வீடாக்கினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அப்பளம் இட்ட வேதாந்தம்

அக்காலத்தில் எழுந்ததுதான் அப்பளப் பாட்டு. அப்பளம் இடுவதற்குக் கைகொடுக்கும்படி தாய் கேட்டார். மகன் கைகொடுப்பதற்குப் பதிலாக ஒரு பாட்டெழுதிக் கொடுத்தார். ஐந்து கோசங்களாகிய வயலில் விளைந்த அகந்தை என்ற உழுந்தை எடுத்து, தன்னை விசாரிக்கும் திருகையில் இட்டு உடைத்து மாவாக்க வேண்டும். நல்லோர் இணக்கம் பிரண்டைச் சாறு. மன அடக்கமும் புலனடக்கமும் சீரகமும் மிளகும். உப்பும் பெருங்காயமும்கூட விடுபடவில்லை. நன்றாக இடித்து, சமநிலையாகிய பலகையில் வைத்து உருட்டிப் பரத்தி, மௌனச் சட்டியில், பிரமமாகிய நெய்யில், ஞானத் தீயில் பொரித்தெடுக்க வேண்டும். பொரித்ததைத் தானே தானாய் இருந்து உண்ண வேண்டும்.

எழுத்தறிவு குறைந்த ஒரு விதவைத் தாய்க்கு, அவர் கைக்குப் பழகிய பொருட்களைக் கொண்டே மகன் உபநிடதத்தை விளக்கியிருக்கிறார். பிரண்டைச் சாறு சேராத அப்பளம் சரிவராது என்பது அழகம்மாளுக்குத் தெரியும். நல்லோர் இணக்கம் ஏன் தேவை என்பதற்கு வேறு உரை வேண்டியதில்லை.

அப்பளம் இடுவதிலிருந்து அன்று நழுவியவர் சமையல் வேலையை இகழ்ந்தவரல்லர். மலையடிவாரத்தில் ஆச்சிரமம் வளர்ந்தபின், பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து சமையலறைக்குச் சென்று மரக்கறி வெட்டினார், அரைத்தார், கிண்டினார். தமக்கென்று தனிப்பதார்த்தம் வைத்தால் ஏற்கமாட்டார். பந்தியில் எல்லோருக்கும் என்னவோ அதுவே அவருக்கும்.

மலைக்கு மணமாலை

இவருடைய பக்திப் பாடல்களில் தலையாயது அட்சரமணமாலை. விரூபாட்ச குகையிலிருந்து ஊருக்குள் பிச்சைக்குச் செல்லும் சாதுக்கள் பாடிக்கொண்டு போவதற்கு ஒரு பாட்டு வேண்டுமென்று கேட்டதால் பிறந்தது. அகர வரிசையில் 108 கண்ணிகள். ஆன்மா மணப்பெண், அருணாசலம் மணவாளன். பெண் கெஞ்சுகிறாள், ஊடுகிறாள், ஏசுகிறாள், இழுத்து வந்தவன் கைவிடலாமா என்று நியாயம் கேட்கிறாள். ஒன்றாய்க் கலந்துவிட வேண்டும் என்பதே வேண்டுதல். மலையை வலம் வரும்போது கண்ணீர் வழியச் சில கண்ணிகள் எழுந்தன. பொருள் கேட்டவர்களுக்கு அவர் உரை சொல்ல முன்வரவில்லை. பாடுவோரே கண்டுகொள்ளட்டும் என்று விட்டார்.

இரண்டற்றது ஒன்றே என்பவர் யாரை நோக்கிக் காதலித்துப் பாடுகிறார் என்ற கேள்வி இயல்பானது. சைவசித்தாந்தம் கற்று வளர்ந்த எமக்கு இது மேலும் கூர்மையாகப் படும். மெய்கண்டார் வழியில் அத்துவிதம் என்பது இறைவனும் உயிரும் ஒரே பொருள் என்பதன்று. பொருளால் இரண்டாயினும் பிரிவின்றி இருப்பது. சங்கரர் வழியில் உள்ளது ஒன்றே. ரமணரின் விசாரம் பின்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அவர் கண்ணீர் விட்டது நாயன்மார் முன்னிலையில். ஒன்றா இரண்டா, உருவமா அருவமா என்று வாதிடுவது உண்மையை உணராமையால் வருவது என்ற கருத்தை உள்ளது நாற்பதில் அவரே வைக்கிறார். வாதிடுபவன் யார் என்று முதலில் பார்க்கச் சொல்வது அவர் வழி. மணமாலையின் பெண்ணும் அதையே வேறு வழியாகச் செய்கிறாள். காதல் முற்றும்போது கேட்பவள் கரைந்துபோகிறாள். எமது யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் நற்சிந்தனைப் பாடல்களைப் பாடிப் பழகியவர்களுக்கு இந்தக் கலப்பு அந்நியமாகத் தோன்றாது.

பாடல்களில் மற்றொரு பகுதி தத்துவத்தை நேராகச் சொல்வது. அது பிறக்கக் காரணமானவர் ஒரு தமிழாசிரியர். 1923இல் வந்து சேர்ந்த முருகனார், திருவாசகத்தின் அடியொற்றி ரமண சந்நிதிமுறை பாடியவர். அவர் கேட்டுக்கொண்டதால் 1927இல் முப்பது பாக்களில் உபதேச உந்தியாரும், 1928இல் உள்ளது நாற்பதும் தோன்றின. உந்தியாரைத் தெலுங்கிலும் வடமொழியிலும் மலையாளத்திலும் ரமணரே ஆக்கினார். உள்ளது நாற்பது வெண்பாவால் ஆனது. யாப்பை ஆசிரியரிடம் முறையாகக் கற்காதவர் கையில் அந்தக் கடினமான பா இறுகிச் செறிந்து நிற்கிறது.

ஆன்மவித்தைக் கீர்த்தனம் பிறந்த கதை இனிமையானது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் ஞானவழி மிகக் கடினமென்று சொல்லும் கீர்த்தனை ஒன்றுண்டு. அதே மெட்டில், அதற்கு மாறாக, அது மிக எளிது என்று முருகனார் பல்லவி தொடங்கினார்; சரணங்களை ரமணர் பாடி நிறைவேற்றினார். எப்போதும் இருக்கும் தன்னைத் தானாக அறிவதில் கடினம் எங்கிருந்து வரும் என்பதே அவர் நிலைப்பாடு.

பெண்ணுக்கும் உண்டு

பெண்கள் கல்லூரியொன்றின் மலரில் விட்டுவிடக் கூடாத ஒரு செய்தி உண்டு. 1917இல் கணபதி முனிவரின் மனைவியார் விசாலாட்சி அம்மையார் தம் கணவர் வாயிலாக ஒரு வினா எழுப்பினார். ஞானத்தில் நிலைபெற்ற பெண் இல்லறத் தடைகள் நேர்ந்தால் துறவு கொள்வதைச் சாத்திரம் அனுமதிக்குமா? உயிரோடிருக்கும்போதே முத்தியடைந்த பெண் உடல் நீத்தால் எரிப்பதா, அடக்கம் செய்வதா? பெண்ணுக்குச் சாத்திரத்தில் தடையேதும் இல்லை, முத்தியிலும் ஞானத்திலும் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை, அத்தகைய பெண்ணின் உடல் கோயிலாதலால் எரிக்கலாகாது என்பது ரமணர் விடை. ரமண கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் இது பதிவாகியுள்ளது.

ஐந்து ஆண்டுகளில் அந்த விடை அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. 1922 மே 19ஆம் திகதி அழகம்மாளுக்கு இறுதி நெருங்கியது. காலை முதல் இரவு எட்டு மணிவரை ரமணர் தாயின் அருகிலிருந்து அகலவில்லை. வலது கையைத் தாயின் மார்பிலும் இடது கையைத் தலையிலும் வைத்தபடி இருந்தார். சுற்றிலும் வேதமும் இராம நாமமும் ஒலித்தன. உள்ளே எழுந்த நினைவுப் பதிவுகள் ஒவ்வொன்றாக அடங்கி, உயிர் இதயத்தில் ஒடுங்கியது என்று பின்னர் விளக்கினார். மூச்சு நின்றபின் எழுந்து, தீட்டு ஏதுமில்லை, எல்லோரும் சாப்பிடலாம் என்றார். உடல் எரிக்கப்படவில்லை. மலையின் தென்புற அடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்தச் சமாதியைச் சுற்றியே இன்றைய ரமணாச்சிரமம் எழுந்தது. அதன்மேல் கட்டிய மாத்ருபூதேஸ்வரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17ஆம் திகதி குடமுழுக்கு நடந்தது.

வைத்தியசாலை விடுதிகளில் பல வருடங்களாக மரணங்களைப் பார்த்து வருகிறேன். இறுதி மணித்தியாலங்களில் உறவினர் பெரும்பாலும் கட்டிலைவிட்டு ஒதுங்கிவிடுவர். சேலைனையும் திரையிலோடும் கோடுகளையும் பார்த்துக்கொண்டிருப்பர். எம்மையும் தாதியரையும் மாறிமாறி அழைப்பர். நோயாளியின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால் மூச்சுத் திணறல் எவ்வளவு தணிகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். தாயின் ஆன்மாவுக்கு அன்று நிகழ்ந்ததைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மகன் செய்தது மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது. பவழக்குன்றில் ஒரு சொல்கூடப் பேசாதிருந்தவர், சொல் பயன்படாத நேரத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் கைவைத்துக் கூட இருந்தார். அந்தத் தாய் தேடிவந்த பிள்ளை அவருக்கு அன்று முழுமையாகக் கிடைத்தார்.

பரிவு மனிதரோடும் நிற்கவில்லை. 1926இல் கன்றாக வந்த பசு இலட்சுமி 1948 யூனில் இறந்தபோதும் தலையில் கைவைத்து அருகிருந்து, அது முத்தியடைந்ததாக வெண்பா எழுதினார். 1924இல் ஆச்சிரமத்துக்குள் புகுந்த திருடர் இடது தொடையில் அடித்தபோது, போதாதாயின் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார். தம்மவர் திருப்பித் தாக்க எழுந்ததைத் தடுத்தார்.

கட்டிலில் கிடந்த வேதாந்தி

1948ஆம் ஆண்டின் இறுதியில் இடது முழங்கை அருகே சிறு கட்டி தோன்றியது. 1949 பெப்ரவரி 9ஆம் திகதி அதை வெட்டி அகற்றினர். விரைவிலேயே மீண்டும் வளர்ந்தது. மார்ச் 27இல் இரண்டாவது சத்திரசிகிச்சை. பரிசோதனையில் சார்க்கோமா என்னும் புற்றுநோய் உறுதியாயிற்று. ரேடியம் சிகிச்சை கொடுத்தனர். ஓகஸ்ட் 7இல் மூன்றாவது. டிசெம்பர் 19இல் நான்காவது. கையையே அகற்றும் யோசனையை அவர் ஏற்கவில்லை. இடையே ஆயுள்வேதமும் ஹோமியோபதியும் பார்க்கப்பட்டன. வைத்தியம் வேண்டுமென்று அவர் கேட்கவுமில்லை. அன்பினால் செய்ய வந்தவரை மறுக்கவுமில்லை.

இந்நாட்களைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவோர், அவருக்கு வலியே இருக்கவில்லை என்பர். அப்படியன்று. வலி உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. உடலுக்கு வந்தது உடலுக்கு என்ற தெளிவோடு அதைத் தாங்கினார். நோவு வேறு, அந்த நோவைச் சுற்றி மனம் கட்டும் துன்பம் வேறு என்பதை இன்று நோய்தணிப்பு வைத்தியம் பெரிதும் வலியுறுத்துகிறது. சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தது 1967இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னமே, அந்த வேறுபாட்டைத் தம் உடலில் வைத்து வாழ்ந்து காட்டினார் ஒருவர். இதைச் சொல்வது வலிநிவாரணிகள் வேண்டாம் என்பதற்கன்று. எமது நோயாளிகளுக்கு மருந்தும் வேண்டும். மருந்து தொடாத இடத்தைத் தொடுவதற்குக் கூட இருப்பவரும் வேண்டும்.

தம்மைக் காணவந்தோரைக் கடைசிநாள்வரை தடுக்க விடவில்லை. அழுதவர்களிடம், தாம் எங்கும் போகவில்லை, போவதற்கு இடமெங்கே என்ற கருத்தைச் சொன்னார். 1950 ஏப்ரல் 14ஆம் திகதி மாலை, சிறு அறைக்கு வெளியே அடியார்கள் அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். ஊருக்குள் பிச்சையெடுக்கப் போனவர்களுக்காக எழுதிய அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் திறந்தார். கடைக்கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இரவு 8.47க்கு மூச்சு அமைதியாக நின்றது. அகவை எழுபது. அதே வேளையில் வானில் ஓர் ஒளி அருணாசலத்தை நோக்கிச் சென்றதைப் பலர் கண்டனர். அவ்வேளை அங்கு தங்கியிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோனும் அதைப் பதிந்திருக்கிறார்.

போல் பிரண்டனின் நூல் 1934இல் வந்தபின் மேலைநாட்டவர் பலர் ரமணரை நாடி வந்தனர். ஆங்கில நாவலாசிரியர் சொமர்செற் மோமும் 1938இல் வந்தார். எனினும் மூலப் பாடல்களைத் தாய்மொழியிலேயே படிக்கும் பேறு எமக்கு உண்டு. கல்லூரியின் அடுத்த நூற்றாண்டில் அடியெடுத்து வைக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. பரீட்சைக்குக் கேட்கப்படாத ஒரு கேள்வியை இவர் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டார். அதற்கு விடைத்தாளில் எழுதிக் கொடுக்கக்கூடிய பதில் இல்லை. தொடங்குவதற்கு உள்ளது நாற்பது கடினமாகத் தோன்றினால், அப்பளப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரியாத இடத்தில் அம்மாவையோ அம்மம்மாவையோ கேளுங்கள். உழுந்தும் பிரண்டையும் அவர்களுக்குத் தெரியும். மீதியை அவர்களோடு சேர்ந்திருந்து தேடலாம்.